அக்கரைக்காக ஆடிய ஊர்

ஆம்தலா மைதானத்தில் ஊர் முழுவதும் வெயிலில் உட்கார்ந்திருந்தது. பஜார்க்காரர்கள் ஷட்டரை இழுத்துவிட்டு வந்திருந்தார்கள். படகுத்துறையான ஜெட்டியில் படகுகளைக் கயிறு தளர்த்திக் கட்டிவிட்டு மீன்காரர்கள் வந்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் குடைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் நிலம் நடுங்கப் போகிறது என்று தெரிந்து வந்தவர்கள் இவர்கள் என்று பார்த்தால் சொல்ல முடியாது. பஸ் வரட்டும் என்று காத்திருப்பவர்களின் முகம்தான் எல்லோருக்கும்.

வேதவல்லி ஒலிபெருக்கியோடு கூட்டத்துக்குள் தெருவாரியாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தாள். முன்பு அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தின் இந்த மூலையில் நின்று கூப்பிட்டால் அந்த மூலையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலுக்காகவே நில அதிர்வு நிலையத்தார் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷத்தில் அந்தக் குரல் கட்டிப் போய்விட்டது. ஊரில் இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"ஜெட்டி தெரு எல்லாரும் வந்தாச்சா?"

"லூர்தக்கா வரல டீச்சர்," என்றார் வெல்டிங் கடை திரவியம். "எப்பவும்போலத்தான்."

யாரும் கோபப்படவில்லை. ஒரு கிழவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாய்ந்து படுத்தார். வேதவல்லி ஒலிபெருக்கியைத் திரவியத்திடம் கொடுத்துவிட்டு ஜெட்டி தெருவைப் பார்த்து நடந்தாள்.

அந்தமானின் தெற்குக் கோடித் தீவுகளில் ஒன்றில் இருந்தது ஆம்தலா. வங்காளத்திலிருந்து குடியேறியவர்கள் வைத்த பெயர். ஆனால் பஜாரிலும் ஜெட்டியிலும் தமிழ்தான் அதிகம் கேட்கும். அங்கிருந்து நேர் மேற்கே கடலைத் தாண்டினால் நாகப்பட்டினம். இடையில் கடலுக்கடியில் பூமியின் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே ஓயாமல் புகுந்துகொண்டிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் தொல்லையில்லை. சில இடங்களில் சிக்கிக்கொள்ளும். கீழ்த்தட்டு இழுக்க இழுக்க மேல்தட்டு மூங்கிலைப்போல வளைந்துகொண்டே வரும். என்றைக்காவது சிக்கல் விட்டதும் நிமிர்ந்து, கடலையே தூக்கி அடிக்கும். போன தலைமுறையில் அப்படி ஒரு நாள் அடித்தது. இரண்டு கரையிலும் அதை மறந்தவர் இல்லை.

மூங்கில் நிமிரும்வரை காத்திருப்பானேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. ஆழக் கிணறு தோண்டி, சிக்கிய இடத்தில் தண்ணீரை அழுத்தி ஏற்றினால் அந்த இடம் மட்டும் பிடிவிட்டு ஒரு சாண் நழுவும். அலை எழும்பாது. மேலே இருக்கிற ஊர் மட்டும் ஆடும். பெரியது ஒன்றைத் தீர்க்க இப்படி ஆயிரம் வேண்டியிருக்கும் என்றார்கள். செய்து பார்த்தார்கள், முடிந்தது. நிலையத்தின் காகிதங்களில் அதற்கு 'இறக்கம்' என்று பெயர். ஊரார் 'ஆட்டம்' என்றார்கள்.

பத்து வருஷமாக ஆம்தலா ஆடிக்கொண்டிருந்தது. ஊரில் சுவர் என்று எழுப்பியதெல்லாம் தகரமும் பலகையுமாக மாறிவிட்டது. யார் வீட்டிலும் கண்ணாடிப் பாத்திரம் கிடையாது. சாமி படங்களைக்கூட நாலு மூலையிலும் ஆணி அடித்துத்தான் மாட்டினார்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் படுத்தால் கட்டில் மிதப்பதுபோல இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். வழி இருந்தவர்கள் போர்ட் பிளேருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

லூர்தம்மாள் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது. தலையில் இன்னும் கறுப்பு மிச்சமிருந்தது.

"வாங்க டீச்சர். உட்காருங்க."

"எல்லாரும் வெயில்ல உட்கார்ந்திருக்காங்க அக்கா."

"நான் உட்காரச் சொல்லலையே."

"கிணத்துல அழுத்தம் ஏத்தியாச்சு. ரொம்ப நேரம் பிடிச்சு வைக்க முடியாது. நீங்க கூரைக்குக் கீழ இருந்தா சட்டப்படி ஆட்டத்தை விடவும் முடியாது."

"தெரியும். அந்தச் சட்டம் வந்ததே எங்க வீட்டு ஆளாலதானே."

வேதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. முறத்தில் இருந்த மீனில் ஒரு பிடியை எடுத்து அவளும் தலை கிள்ளத் தொடங்கினாள்.

லூர்தம்மாளின் கணவர் அந்தோணிசாமி ஜெட்டியில் கிரேன் ஓட்டியவர். நாலைந்து வருஷத்துக்கு முன் ஓர் ஆட்டத்தன்று ஊரோடு மைதானத்துக்கு வந்து உட்கார்ந்தவர், நேரமாகிறதே என்று எழுந்து வீட்டுக்குப் போனார். அவர் உள்ளே நுழைந்தபோது நிலம் அசைந்தது. அந்த வீட்டில் அப்போது சமையல்கட்டுக்கு மட்டும் செங்கல் சுவர். அடக்கத்தின்போது, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்ற ஊருக்கு முன்னால் வேதவல்லிதான் சொன்னாள்: "அவர் சும்மா போகல அக்கா. அந்தக் கரையில இருக்கிற லட்சக்கணக்கான பேருக்காகப் போயிருக்கார்." லூர்தம்மாள் தலையசைத்தாள். அதன்பின் ஒரு ஆட்டத்துக்கும் அவள் தானாக வெளியே வந்ததில்லை.

"சகாயம் போன் பண்ணினாளா?" என்று வேதவல்லி கேட்டாள். சகாயராணி லூர்தம்மாளின் தங்கை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே அருளப்பர் குப்பத்தில், கடலைப் பார்த்த வீடு.

"பண்ணினா. பேரனுக்குக் காது குத்துறாங்களாம்."

"அவங்க நல்லா இருக்கணுமில்ல அக்கா."

லூர்தம்மாள் முறத்தை வைத்தாள். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துக்கு வந்துதான் பேச்சு முடியும் என்று இருவருக்கும் தெரியும். மீனைத் தட்டால் மூடி, பூனை உருட்டாமல் மேலே கல்லை வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, போவோம்."

மைதானத்தில் அவர்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வந்தது. முதலில் சத்தம். தூரத்தில் எங்கோ லாரியில் ஜல்லி கொட்டுவதுபோல, ஆனால் காலுக்குக் கீழே. பிறகு அடியிலிருந்து ஒரு குத்து. அப்புறம் பக்கவாட்டில் இழுத்து இழுத்து விட்டது. ஊரின் தகரமெல்லாம் ஒன்றாக அலறியது. பிள்ளைகளின் தலையைத் தாய்மார்கள் மடிக்குள் அமுக்கிக்கொண்டார்கள். தென்னைகள் காற்றில்லாமல் ஆடின. பிறகு நின்றது. நின்றுவிட்டதென்று உடம்பு நம்புவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"போன தடவையை விட லேசுதான்," என்றார் திரவியம்.

யாரோ ஆமாம் என்றார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, என்ன விழுந்திருக்கிறதோ பார்க்க வீட்டுக்கு நடந்தார்கள்.

*

அந்த வாரமே நிலையத் தலைவர் இளம்பரிதி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தர்மபுரிக்காரர். கல்யாணமாகாத இளைஞனாக வந்து, இங்கேயே நரைத்துவிட்டார். அறைக்கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

"டீச்சர், அடுத்த இறக்கம் இல்ல."

"தள்ளி வச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல. இனிமே இல்லவே இல்ல."

வேதவல்லிக்குச் சந்தோஷம் வரவில்லை. நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "முடிஞ்சிருச்சா? எல்லாம் இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு," என்றார் அவர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "எப்படி இறங்குச்சுன்னுதான் தெரியல."

மேஜையில் இருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒரு கோடு, மாடிப்படிபோல ஏறி ஏறிப் போயிருந்தது.

"கடலுக்கடியில நாம வச்ச கருவிங்க சொல்றது இது. ஒவ்வொரு படியும் ஒரு இறக்கம். நாம தண்ணி ஏத்தினோம், தட்டு நழுவிச்சு. சரியா? இப்ப இந்த இடத்தைப் பாருங்க. போன மழைக்காலம். பம்ப் பழுதாகி நாம ஒண்ணுமே செய்யல."

"மறக்க முடியுமா சார். ஊரே தூங்கின மாசங்க அது."

"அப்பவும் கோடு ஏறியிருக்கு பாருங்க. படியா இல்ல. சரிவா. நத்தை மாதிரி, சத்தமில்லாம, நடுக்கமே இல்லாம தட்டு நழுவிக்கிட்டே இருந்திருக்கு. அதுக்கப்புறம் நான் பழைய கணக்கையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கருவி போட்ட நாள்ல இருந்தே அந்தச் சரிவு இருக்கு. நாங்க அதையும் எங்க இறக்கத்தோட பலன்னு சேர்த்து எழுதிக்கிட்டு வந்திருக்கோம்."

வேதவல்லி அந்தக் கோட்டையே பார்த்தாள். "நாம தண்ணி விட்டதாலதானே அப்படித் தளர்ந்து நழுவியிருக்கும்?"

"இருக்கலாம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா அது எப்பவுமே இப்படித் தானா இறங்கிக்கிட்டேதான் இருந்திருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியும்."

"இதுல எது சார்?"

"தெரியல டீச்சர். கடலடியில கருவி போட்டதே நாலு வருஷம் முன்னாடிதான். அதுக்கு முன்னாடி தீவு மேல வச்சிருந்த கருவிக்கு அவ்வளவு தூரத்து அசைவு எட்டாது. இனிமே தெரிஞ்சுக்கவும் வழியில்ல. நாம கை வைக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு பார்க்கணும்னா, கை வைக்காத இன்னொரு கடல் வேணும்."

வெளியே காவலாளி யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. வேதவல்லிக்கு ஊர் ஒரு தடவை கண்முன்னால் வந்து போனது. தகரச் சுவர்கள். மடிக்குள் அமுக்கிய தலைகள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது வருவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

"மேல இருக்கிறவங்களுக்குச் சொன்னீங்களா?"

"எல்லாம் சொன்னேன். வெற்றின்னு அறிவிக்கச் சொல்லிட்டாங்க. மந்திரி வர்றார். மைதானத்துல விழா. இறந்தவங்க குடும்பத்துக்குச் சால்வை."

"பொய்தானே சார் இது?"

"பொய்ன்னு சொல்ல முடியாது. அதான் வசதி." இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். "நான் தூங்கி ரொம்ப நாளாச்சு டீச்சர்."

அவள் எழப்போனாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தக் கரைக்கு இனி பயமில்லையா?"

அவர் திரையை அணைத்தார். "நம்ம பகுதியால பயமில்ல. நமக்கு வடக்குல இருக்கிற பகுதி சிக்கிக்கிட்டுத்தான் இருக்கு. அங்க ஒரு சரிவும் இல்ல. கிணறு போடலாம்னு கேட்டா, அந்த ஊர்க்காரங்க ஆம்தலாவை வந்து பார்த்துட்டு முடியாதுன்னுட்டாங்க."

"அது எப்ப விடும்?"

"நாளைக்கும் விடலாம். நூறு வருஷம் கழிச்சும் விடலாம்."

"அங்க கரையில ஜாக்கிரதையா இருப்பாங்கல்ல? சைரன் எல்லாம் வச்சிருந்தாங்களே."

"கம்பமெல்லாம் துருப்பிடிச்சு விழுந்தாச்சு. வருஷா வருஷம் ஒத்திகை நடக்கும், அதையும் விட்டுட்டாங்க. கடலுக்குப் பக்கத்துல கட்டக்கூடாதுன்னு ஒரு தூரம் இருந்துச்சு, அதையும் குறைச்சாச்சு. ஆம்தலா ஆடுது, நமக்கென்ன கவலைன்னு." அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "நாம ஆடினது உபயோகமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா நாம ஆடுறோம்னு அவங்க தூங்கிட்டாங்க. அது மட்டும் நல்லாத் தெரியுது."

வேதவல்லி நடந்தே வீட்டுக்குப் போனாள். வழியில் இரண்டு பேர், அடுத்த ஆட்டம் எப்போது டீச்சர் என்று கேட்டார்கள். இனி இல்லையாம் என்றாள். ஒருவன் நம்பாமல் சிரித்தான். இன்னொருத்தி, தாலி கட்டி மூன்று வருஷமாகப் பிள்ளை தங்காதவள், தெருவிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

*

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பத்து வருஷத்தில் அங்கே கூரை என்று ஒன்று எழும்பியது அன்றைக்குத்தான். வயதானவர்கள் சிலர் பந்தலுக்குக் கீழே வர மறுத்துப் பழக்கதோஷத்தில் வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். கப்பலில் வந்திறங்கிய மந்திரி, மேடையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சால்வைக்குப் பெயர் கூப்பிட்டார்கள். அந்தோணிசாமியின் பெயருக்கு யாரும் எழுந்து வரவில்லை.

"டீச்சர், போய்க் கூட்டிட்டு வந்துடுங்க," என்று யாரோ அவள் காதில் சொன்னார்கள்.

வேதவல்லி ஜெட்டி தெருவைப் பார்த்து நடந்தாள். போகும் வழியெல்லாம் மைக் சத்தம் கூடவே வந்தது.

லூர்தம்மாள் உள்ளே தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கிளம்பத்தான் நினைத்திருக்கிறாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"மந்திரி கேட்டாரா?"

"பேர் கூப்பிட்டாங்க."

"சால்வை எதுக்கு டீச்சர்?"

வேதவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்து வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் தெம்பில்லை. இத்தனை வருஷம் இந்த வாசலில் உட்கார்ந்து அந்தக் கரைக்காக என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி இவளை எழுப்பியாகிவிட்டது. இன்னொரு தடவை அதைச் சொல்ல வாய் எழவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். தட்டு தானாவே நழுவிக்கிட்டு இருந்திருக்காம். சத்தமில்லாம. நாம ஆடினதாலதான் அப்படி ஆச்சோ, ஆடாம இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்குமோ, அது அவங்களுக்கே தெரியல. இனிமே தெரியவும் தெரியாதாம்."

முறம் நின்றது.

"அடக்கத்தன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனே. அது நெசமா இல்லையான்னு எனக்குத் தெரியல அக்கா. நெசம்னு நம்பித்தான் சொன்னேன்."

லூர்தம்மாள் முறத்தில் கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். மைதானத்தில் கைதட்டல் கேட்டு அடங்கியது. அவள் அழப்போகிறாள், அல்லது எழுந்து போ என்று சொல்லப்போகிறாள் என்று வேதவல்லி நினைத்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தாள்.

"அன்னிக்கு அவர் எதுக்கு வீட்டுக்குள்ள போனார்னு நீங்க யாரும் கேட்கவே இல்லையே டீச்சர்."

"எதுக்கு?"

"சோத்தை அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன். அணைச்சேனா இல்லையான்னு எனக்குச் சந்தேகம். புலம்பிக்கிட்டே இருந்தேன். சும்மா இருடி, பானையை இறக்கி வச்சிட்டு வர்றேன்னு எழுந்து போனார்." அவள் குரல் உடையவில்லை. "நீங்க அப்படிச் சொன்னப்புறம் இதை யார்கிட்ட சொல்றது? லட்சம் பேருக்காகப் போனவர்னு ஊரே சொல்லுது. குழியில பாதி மூடுறதுக்குள்ள அவர் எனக்கு யாரோ ஆயிட்டார். வருஷா வருஷம் மாலை போடுறாங்க. எனக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிஞ்சவர் சோத்துப் பானையை இறக்கப் போனவர்."

வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்பத் திரும்பி வந்துட்டார்," என்றாள் லூர்தம்மாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டு ஆளா வந்துட்டார். போதும் எனக்கு. சால்வை வேண்டாம்னு சொல்லிடுங்க."

முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவளே கேட்டாள்: "அப்ப சகாயத்துக்கு இனிமே பயமில்லையா?"

வேதவல்லி வடக்குப் பகுதியைப் பற்றிச் சொன்னாள். விழுந்துபோன கம்பங்களையும் நின்றுபோன ஒத்திகையையும் சொன்னாள்.

"அவ புது வீடு எங்க கட்டியிருக்கா தெரியுமா? அலை காலை நனைக்கிற இடத்துல. உன் புண்ணியத்துலதான் அக்கா நாங்க இங்க கட்ட முடிஞ்சதுன்னு எனக்குப் போட்டோ அனுப்பினா." லூர்தம்மாள் எழுந்து பரண் ஓரத்திலிருந்த போனை எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

சகாயராணி உடனே எடுத்தாள். "அக்கா, டிவியில உங்க ஊரைக் காட்டுறாங்க. நீ எங்க இருக்க? உன்னைக் காணோமே."

"வீட்ல இருக்கேன். இதைக் கேளு. ஆட்டம் நின்னுடுச்சு. ஆனா வடக்குப் பக்கம் ஒண்ணு பாக்கி இருக்காம். என்னிக்கு வேணா வரலாமாம். டீச்சர் பக்கத்துல இருக்காங்க, அவங்கதான் சொன்னாங்க."

"டிவியில இனி பயமே இல்லங்கிறாங்களே."

"டிவியை அணை. தரை ஆடினாலோ, கடல் உள்வாங்கினாலோ நீ எங்க ஓடுவ?"

"எங்கன்னா? அப்படியெல்லாம் யாரும் இப்பப் பேசுறதே இல்லையே அக்கா."

"நான் கேட்கிறேன். எங்க போவ?"

"மேடான இடமாப் பார்த்து..." சகாயராணி நிறுத்தினாள். "இங்க மேடு ஏது? தட்டையான ஊர். உனக்குத் தெரியாதா?"

வேதவல்லி போன் பக்கம் குனிந்தாள். "மாடிக் கட்டடம் எதாவது இருக்காம்மா? கெட்டியான கட்டடம்?"

"பள்ளிக்கூடம் இருக்கு டீச்சர். ரெண்டு மாடி."

"இப்பக் கிளம்பி அங்க நடந்து பாருங்க. போன் கையிலேயே இருக்கட்டும்."

"இப்பவேவா? அடுப்புல குழம்பு இருக்கு."

"அணைச்சிட்டுப் போடி," என்றாள் லூர்தம்மாள். "அணைச்சியான்னு ரெண்டு தடவை பார்த்துட்டுப் போ."

அங்கே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மணலில் செருப்புத் தேயும் சத்தம்.

"ஓடாத. உன் மாமியாரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி நட. பேரனை இடுப்புல வச்சிருக்கிற மாதிரி நட."

சத்தம் மெதுவானது. யாரோ எங்க போற அக்கா என்று கேட்டார்கள். சும்மாதான் என்று அவள் சொன்னாள். ஒரு மோட்டார் சைக்கிள் கடந்துபோனது. இந்தப் பக்கம் மைதானத்திலிருந்து மந்திரியின் குரல், தியாகம் என்ற சொல்லை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. வேதவல்லியின் கைப்பேசி மடியில் அதிர்ந்தது. நிலையத்து எண். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அங்கே மூச்சிரைக்க ஆரம்பித்திருந்தது. "என்னக்கா இது, இவ்வளவு தூரமா இருக்கு. தினமும் பார்க்கிற பள்ளிக்கூடம்தான்."

"பேசாம நட."

வெகுநேரம் கழித்துச் செருப்புச் சத்தம் நின்றது. சங்கிலி ஒன்று இரும்பில் உரசியது.

"வந்துட்டேன் அக்கா. ஆனா கேட்டு பூட்டியிருக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே."

லூர்தம்மாள் வேதவல்லியைப் பார்த்தாள்.

"அம்மா காலத்துல அலை வந்ததும் ஞாயித்துக்கிழமைதான்டி," என்றாள்.

அந்தப் பக்கம் சங்கிலியை இழுத்துப் பார்க்கும் சத்தம் மட்டும் இன்னொரு தடவை வந்தது.

"சாவி யார்கிட்ட இருக்கும்மா?" என்று வேதவல்லி கேட்டாள்.

"வாட்ச்மேன்கிட்ட இருக்கும் டீச்சர். அவர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"சரி. அங்க நடங்க."

மணலில் செருப்பு மறுபடி தேயத் தொடங்கியது.